தெமோதரையில் குடையோடு நின்றவர்

முஸ்லிம் பிள்ளைகளின் வாழ்வைச் சொல்லும் இளையோர் கதைத் தொகுப்பு ஒன்றைப் பண்டாரவளையில் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதினாறு வயது ரிஸ்னா ஒரு கதை தந்தாள். நோன்பு மாதத்தில் ரயில் தாமதமாகிறது. நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரத்தில் தெமோதரை நிலையத்தில் இறங்கும் மகளுக்கு, குடையோடு காத்து நிற்கும் வாப்பா ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டுகிறார். அவ்வளவுதான் கதை. அவளுடைய வாப்பா மழைநாள்களில் அப்படித்தான் நிற்பார்.

எனக்கு அது போதவில்லை. "இதுல பிரச்சினையே இல்லையேம்மா. முக்காடு போடலைன்னு வாப்பா அடிக்கிற மாதிரி எழுதேன்" என்றேன்.

"எங்கட வாப்பா அப்படியில்லையே மிஸ்!" என்று சிரித்தாள்.

"கதைதானே" என்றேன். மாற்றி எழுதித் தந்தாள்.

புத்தகம் வெளிவந்தபின், சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும், எல்லாரும் 'நானா' என்று கூப்பிடும் அவளுடைய வாப்பா என்னைத் தேடி வந்தார்.

"நான் ஒருநாளும் கை நீட்டினதில்ல மிஸ். சொன்னா யாரும் நம்புறாங்க இல்ல. 'உங்க ஆக்கள் அப்படித்தானே நானா'ன்னு சிரிக்கிறாங்க. இப்ப மகளோட சேர்ந்து நிக்கவே கூச்சமா இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். விற்றுப்போன பிரதிகளைத் திரும்பப் பெற வழியில்லை. அந்த ஏளனம் என் புத்தகத்துக்கு முன்பே ஊரில் இருந்தது. அதற்கு அவருடைய மகளின் கையாலேயே சாட்சி எழுதி வாங்கியவள் நான்.

சென்ற வாரம் பதுளை ரயிலில் ரிஸ்னாவைக் கண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தெமோதரையில் கடும் மழை. நனைந்தபடி தனியாக இறங்கி நடந்தாள். மேடையில் குடையோடு யாரும் நிற்கவில்லை.