கியர் விழாத வேன்

அப்பாவின் இடது முழங்கால் மடங்காமல் போன வருஷம்தான் அம்மா வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விருத்தாசலத்துச் சூளைகளில் சுட்டெடுத்த பீங்கான் பொம்மைகளையும் ஃப்யூஸ் கட்டைகளையும் வைக்கோல் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கி, ஊர் ஊராகக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு மழை நாளில் அப்பா பெட்டியோடு வழுக்கி விழுந்தார். ஆபரேஷனில் கால் தப்பியது, ஆனால் நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் வலது கால் பார்த்துக்கொள்ளும். கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டுமே.

ஆள் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வந்தவர்கள் பள்ளம் மேடு பார்க்காமல் பறந்ததில், பெட்டியைத் திறந்தால் பாதிப் பொம்மைகளுக்குத் தலை தனியாகக் கிடந்தது. ஒருநாள் அம்மா யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டு வந்து, உலைக்கு அரிசி களைந்தபடியே அதைச் சொன்னாள். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்துச் சித்தப்பா பேசினார்.

சித்தப்பா கெட்டவர் அல்ல. அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களில் கூடவே கிடந்தவர் அவர்தான். பழைய வேனை விற்றுவிட்டு வீட்டு வாசலில் ஒரு கடை போட்டால் அண்ணன் உட்கார்ந்த இடத்தில் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. மங்கலம்பேட்டையிலிருந்து பழைய வண்டி வாங்கும் ஒரு பாயை வேனைப் பார்க்க வரச் சொல்லியும் விட்டார். பாய் வருவதாக இருந்த அன்றைக்குத்தான் நாங்கள் திட்டக்குடிக்குச் சரக்கு ஏற்றினோம். ஸ்கூல் லீவு என்பதால் நானும் முன்சீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா பின்னால் பெட்டிகளோடு ஏறினார்.

சூளை வாசலில் ரிவர்ஸ் போடும்போதே வேன் பல்லைக் கடிப்பதுபோல் கரகரவென்று கத்தியது. மண் குழைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாவின் காது சிவந்துவிட்டது. எப்படியோ கிளம்பி, ஊரைத் தாண்டி வெகுதூரம் போனபின், குறுக்கே வந்த மாட்டுக்காக நிறுத்தினாள். அதற்கப்புறம் எந்தக் கியரும் விழவில்லை. கியர் கம்பியைப் பிடித்துத் தள்ளத் தள்ள அதே கரகரப்பு.

சித்தப்பா இறங்கி முன்னால் வந்தார். "கியர் பாக்ஸுல பல்லு போயிடுச்சுங்க அண்ணி. நான் அப்பவே சொன்னேன், இது பொம்பளைங்க ஓட்டுற வண்டி இல்லன்னு. இனிமே பாயி எதைப் பாத்து வாங்குவாரு?"

அம்மா ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது.

"எஞ்சின அணை" என்றார் அப்பா. "இப்ப கிளட்ச்ச மிதிச்சு ஒவ்வொரு கியரா போடு."

போட்டாள். எல்லாக் கியரும் வெண்ணெயில் விரல் விட்டதுபோல் விழுந்தன.

"நியூட்ரல் பண்ணி ஸ்டார்ட் பண்ணு. இப்ப போடு."

கரகர.

"பல்லு போயிருந்தா அணைச்சாலும் மக்கர் பண்ணும்டா. பாக்ஸு நல்லாத்தான் இருக்குது."

"அப்ப கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கும்" என்றார் சித்தப்பா, விடாமல். "அண்ணி கால எடுக்காம பெடல் மேலயே வெச்சிருக்காங்க."

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்துச்சா? வண்டி ஏறாம திணறுச்சா?"

"இல்லங்க. நல்லா இழுத்துச்சு."

"அப்ப பிளேட்டும் இருக்குது. புடிக்கறது நல்லா புடிக்குது, விடும்போதுதான் முழுசா விட மாட்டேங்குது." அப்பா குனிந்து பெடலையே பார்த்தார். அவர் கால் அங்கே போகாது. "மிதிச்சா எப்படி இருக்குது, சொல்லு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். "முன்ன கெட்டியா இருக்கும். இப்ப மெத்து மெத்துன்னு உள்ள போவுது. ஊறுன பஞ்ச மிதிக்கிற மாதிரி."

"விட்டு விட்டு நாலஞ்சு வாட்டி அடி. அடிச்ச கையோட கியர் போடு."

அடித்தாள். சத்தமே இல்லாமல் கியர் விழுந்தது. அப்பா சிரித்துவிட்டார். "ஆயிலு! பெடலுக்குப் பின்னால தடவிப் பாரு."

அம்மா கையை விட்டு எடுத்தபோது விரல்கள் பளபளத்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஒரு வாரமா செருப்பு வழுக்குதுங்க" என்றாள். "பயத்துல எனக்குத்தான் கால் வேர்க்குதுன்னு நெனச்சேன்."

கிளட்ச் ஆயில் டப்பா அடிவரை வற்றியிருந்தது. சித்தப்பா தூரத்தில் தெரிந்த பெட்ரோல் பங்க்கை நோக்கி நடந்தார். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்ட, ஆயில் பாட்டிலோடு திரும்பி வந்து அவரே ஊற்றினார். அம்மா கியர் மாற்றும்போதெல்லாம் பெடலை அடித்து அடித்துத் திட்டக்குடி போய்ச் சேர்ந்தாள். ஒரு பொம்மையும் உடையவில்லை.

அங்கே மெக்கானிக், கிளட்ச்சை அழுத்துகிற சிலிண்டரின் ரப்பர் வாஷர் நைந்து ஆயில் கசிகிறது என்று கழற்றிக் காட்டினார். வாஷர் மாற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும்போது பெடலை மிதிக்க ஆள் கேட்டார். சித்தப்பா ஒரு அடி எடுத்து வைத்து, பிறகு நின்று, "அண்ணி, நீங்களே ஏறுங்க. உங்களுக்குத்தான் பெடலு பழகியிருக்குது" என்றார். அம்மா ஏறிக்கொண்டதும் பக்கத்திலிருந்த டெலிபோன் பூத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவு சரியாக மூடாததால் அவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது: "வர வேணாம் பாய்! வண்டி குடுக்கறதா இல்ல. எங்க அண்ணி ஓட்டறாங்க!"

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அம்மா எஞ்சினை அணைத்தாள். நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று தடதடத்துப் போயிற்று. ரயில் பெட்டிகளை எண்ணச் சொல்லி அப்பாவைப் பார்த்தால், அவர் கதவில் தலை சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த சீட்டில் அவர் ஒருமுறைகூடக் கண் அசந்ததில்லை. நான் தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாத பாப்பா. தூங்கட்டும்."

கேட் திறந்தது. முட்டையை வைப்பதுபோல் அம்மா கிளட்ச்சை விட்டாள், வேன் குலுங்காமல் நகர்ந்தது. அவ்வளவு பெரிய ரயிலைப் பார்க்காமல் ஒரு மனுஷர் தூங்குவாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குப் போய் அம்மா ஏன் வழி நெடுகத் தனக்குள் சிரித்துக்கொண்டே வருகிறாள் என்பதும் புரியவில்லை.