எனக்குப் பழசுதான் வேண்டும்

அந்த வதந்தியை எனக்கு முதலில் அனுப்பியவன் என் சாச்சா மகன், அதாவது சித்தப்பா பையன். என் லேப்டாப்பைச் செய்த கம்பெனி தன் லேப்டாப்புகளில் பிராசஸரையே மாற்றப்போகிறதாம். இனிமேல் வேறு ரகமாம், வேகம் பிய்த்துக்கொண்டு போகுமாம், பழைய மென்பொருள் பலதும் அதில் ஓடாதாம். அவன் கைதட்டும் பொம்மை போட்டிருந்தான். நான் என் பழைய லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

மேலப்பாளையத்தில் வீட்டில் இருந்தபடி நான் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக்கொடுக்கிறேன். வண்ணார்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சிதான் வேலை கொடுப்பவர். நான் பயன்படுத்தும் தமிழ் மென்பொருளை எழுதியவர் எப்போதோ கடையை மூடிவிட்டார். அது பழைய பிராசஸரில் மட்டும்தான் ஓடும். அப்போது ஒரு தடித்த வைத்திய நூல் பாதி முடிந்து அதற்குள் கிடந்தது. என் லேப்டாப்போ பேட்டரி உப்பி, விசைப்பலகையே மேடிட்டுப் போயிருந்தது. பழுது பார்ப்பவர் அதைத் தொடவே பயந்தார்.

"இது எப்ப வேணா படுத்துரும்மா. சீக்கிரமா வேற பாருங்க."

பழைய பிராசஸர் கடைகளில் தீர்வதற்குள் பார்க்கலாம்தான். ஆனால் துபாயில் காக்கா, என் உடன்பிறந்த அண்ணன், இருக்கும்போது நான் இங்கன கடையில் போய் வாங்கினால் அவர் முகத்தில் அடித்த மாதிரி. சரி, அவரிடமே கேட்கலாம் என்றால் அதுவும் முடியாது. எங்கள் தெருவில் வெளிநாட்டில் இருப்பவர் 'என்ன கொண்டுவர' என்று கேட்டால், 'ஒன்றும் வேண்டாம், நல்லபடியாக வந்தால் போதும்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வேண்டியதை அவர் மனைவி காதில் பைய போட்டுவைக்க வேண்டும். உம்மா இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லிவந்தாள். மைனி, அதாவது காக்காவின் மனைவி காதில்கூட அவள் எதையும் போட்டதில்லை.

நான் மைனியிடம் போட்டுவைத்தேன். "லேப்டாப் சரியில்ல மைனி" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பிராசஸர் கதையை அவளிடம் எங்கே விளக்குவது!

பெருநாளுக்குக் காக்கா வரும்வரை ஒவ்வொரு நாளும் அந்த லேப்டாப் மூடியை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தேன். பக்கத்தில் மின்விசிறியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். திரை ஒரு கணம் கறுத்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். இதற்கு நடுவே அண்ணாச்சி வேறு, "தாயி, பக்கம் எப்ப வரும்? முடியலன்னா சொல்லிரு, மதுரைக்காரன் ஒருத்தன் வேலை கேட்டுக்கிட்டே இருக்கான்" என்று போன் போடுவார். அந்த மதுரைக்காரனை நான் சபிக்காத நாள் இல்லை.

காக்கா வந்தார். மறுநாள் காலையில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கப் பெட்டியைப் பிரித்தார். தைலம், சோப்பு, பேரீச்சம்பழம், பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. பெட்டியின் அடி தெரிந்தது. என் கண் அங்கேயே நின்றது.

காக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒனக்கு லேப்டாப் வாங்கல. மைனி சொன்னா. ஆனா அந்தக் கம்பெனி பிராசஸரை மாத்தப் போவுதாம்லா? பழசை வாங்கி ஒன் தலையில கட்டவா? புதுசு வரட்டும், முதல் ஆளா வாங்கி அனுப்புதேன்."

அவர் முகத்தில் அத்தனை பாசம். எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"எனக்குப் பழசுதான் காக்கா வேணும்! புதுசுல என் வேலை ஓடாது. என் பொழப்பே போயிரும்!"

மாமி ஒருத்தி தைலக் குப்பியைப் பைய மடியில் மறைத்தாள். அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு 'வேணும்' என்று சொன்னதில்லை.

"இதைப் போன்லயே சொல்லிருக்கலாம்லா?" என்றார் காக்கா. அவருக்குக் கோபம் இல்லை. வருத்தம்தான்.

துபாயில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஏர்வாடிக்காரர் அடுத்த வாரம் ஊருக்கு வருவதாக இருந்தது. காக்கா உடனே அவரைப் போனில் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்பினார். ஒரு கடையில் இல்லை. இன்னொன்றிலும் இல்லை. எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம், தேநீர் ஆறிப்போனது. கடைசியில் அவர் கூப்பிட்டார்.

"ஒண்ணு இருக்கு. பழைய பிராசஸர்தான். இதுதானா, நல்லா கேட்டுச் சொல்லுங்க."

காக்கா போனை என் பக்கம் நீட்டினார். "நீயே சொல்லு."

"வாங்கிருங்க. எனக்கு வேணும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அப்போது உம்மா வாயைத் திறந்தாள். இவ்வளவு நேரமும் பேரீச்சம்பழத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"கேட்டா கிடைக்குமால? அப்ப எனக்கும் ஒண்ணு வேணும். நீ இங்கன இருக்கணும். இனி போவாண்டாம்."

காக்கா தரையைப் பார்த்தார். மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். போனில் ஏர்வாடிக்காரர், "ஹலோ, என்ன கலர் வேணும்? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

லேப்டாப் வந்தது. வைத்திய நூலை முடித்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். விடுமுறை முடிந்து காக்கா போய்விட்டார்.

இப்போதும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கூப்பிடுகிறார். பழக்கதோஷத்தில், "உம்மா, என்ன வேணும்?" என்று கேட்டுவிடுகிறார். உம்மா முன்போல 'ஒன்றும் வேண்டாம்' என்று சொல்வதில்லை.

"அதான் சொன்னேன்லா" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிடுகிறாள்.