ஊதாங்குழல் பிடித்த கை

எங்கள் சமையற்கட்டு மூலையில் ஓர் இரும்பு ஊதாங்குழல் கிடக்கிறது. கேஸ் அடுப்பு வந்த பிறகு அதற்குச் சோலி இல்லை. எத்தனையோ தடவை தூக்கிப் போட எடுத்திருக்கிறேன். அலுப்பாக இருக்கும், திரும்ப வைத்துவிடுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானல் மலையில் இருக்கும் போளூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் கணவரின் அக்காளுக்குச் சிறு வயதிலிருந்தே காக்காவலிப்பு. மதினி என்று கூப்பிடுவேன். குளிர் ஏறினால்தான் வலிப்பு வரும் என்பது அத்தையின், அதாவது என் மாமியாரின், முடிவு. ஆகவே வீட்டிலேயே நல்ல இடமான அடுப்படி மதினிக்குத்தான். பனிக்காலக் காலைகளில் நாங்கள் பூண்டுக் காட்டுக்குக் கிளம்புவதற்குள் தீ ஊதிக் காப்பி போட்டு வைத்திருப்பார். அந்த வேலை ஒன்றில்தான் அவருக்கு அத்தனை பெருமை.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பார்கள். அதற்கென்றே ஒரு சாவிக்கொத்து ஆணியில் தொங்கும். ஒரு நாள் காலையில் அதை என் கணவர் எடுத்துப் போய்விட்டார். மதினி அடுப்புக்கு முன்னால் சரிந்தார். தீயில் விழவில்லை, நான் தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். "இரும்பு, இரும்பு!" என்று அலறிய அத்தை, அடுப்பில் கிடந்த ஊதாங்குழலின் ஆறிய நுனியைப் பிடித்து இழுத்து, மறு நுனியை மகளின் வலது கையில் திணித்துவிட்டார். அந்த நுனி பழுக்கக் காய்ந்திருந்தது. வலிப்பில் கை இறுக மூடிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தும் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஐயோ, அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். இரும்பு ஒன்றும் செய்யாது, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், அடுப்புப் பக்கமே விடாதீர்கள் என்றார் டாக்டர். அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். புண் ஆறியது, விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன.

மதினிக்கு எதுவும் நினைவில்லை. தானே தீக்குள் கையை விட்டுவிட்டதாக நினைத்தார். "நாந்தாம்மா சூதானமா இருந்திருக்கணும். ஒனக்குத்தான் எம்புட்டுக் கஷ்டம்" என்று கட்டுப் போட்ட கையோடு தாயைத் தேற்றுவார். அத்தை எழுந்து வெளியே போய்விடுவார். என்னிடம் ஒரே ஒரு தடவை, "சொல்லிராதத்தா. அவ என்னைய மன்னிச்சிருவா. அத என்னால தாங்க முடியாது" என்றார்.

ஒரே அறை வீட்டில் அடுப்புப் பக்கம் விடாமல் எப்படி இருப்பது? மதினிக்கும் தீக்கும் நடுவில் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம், வருஷக்கணக்காக. எனக்குச் சலித்துத்தான் போனது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் தீ ஊதுவதை மட்டும் மதினி விடவில்லை. நான் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். இடது கையால் அதே குழலைப் பிடித்து ஊதுவார். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

சொல்லாமலே அத்தை போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள், அந்தக் குழலைத் தொலைத்துத் தலைமுழுகிவிடலாம் என்று வாசலுக்கு எடுத்துப் போனேன். மதினி வெரசாக ஓடி வந்து, விரியாத கையையும் சேர்த்து வைத்து வாங்கிக்கொண்டார்.

"எங்கம்மா கை பட்டதுத்தா. கெடக்கட்டும்."

மதினியும் போய்விட்டார். அது கிடக்கிறது.