மாவும் சீனியும் இல்லாத கூப்பன் கடை

பந்தயம் எடுக்கிற கடையில் நிற்பவளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: வாடிக்கையாளர் தோற்றால் பிழை எப்போதும் கோல்கீப்பரில்தான். சாப்பாட்டுக்கடையில் நிற்பவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, உப்புக் கூடினால் அடி அவளுக்குத்தான். ஆனாலும் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று கால் வீங்கி, வாடிக்கையாளர் முன்னால் சிரிப்பை அடக்கி விக்கல் எடுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர் மாதிரித்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஊரில் சண்டை முடிந்த வருடம் அது. வசந்தகாலம் முழுக்க டெலிவிஷனுக்கு முன்னாலும், சண்டையை நிற்பாட்டச் சொல்லி நடந்த கோப்பன்ஹேகன் ஊர்வலங்களிலும் நின்றோம். முடிந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட மனமில்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். போதாக்குறைக்கு, கிரின்ஸ்டெட்டில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. பிராண்டேயில் பென்ட் என்ற டெனிஷ்காரரின் கியோஸ்க்கில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். பேப்பர், சிகரெட், இனிப்பு, வாழ்த்து மட்டை விற்கிற சின்னக் கடை. நான் சேர்ந்த அதே கிழமை, அரசாங்க அனுமதியோடு விளையாட்டுப் பந்தயம் எடுக்கிற மெஷினும் அங்கே வந்து இறங்கியது.

பென்ட் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மெஷினைக் கொம்பனிக்காரர் பரீட்சித்துப் பார்க்கத்தான் தந்திருக்கிறார்கள். கிறிஸ்மஸுக்குள் போதிய வியாபாரம் இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் காலத்தில் பேப்பரை மட்டும் விற்றுக் கடை நடத்த முடியாது, பூட்டத்தான் வேண்டும். அதாவது அவருடைய கடையும் என்னுடைய வேலையும் பந்தடிக்கிறவர்களின் காலில். பள்ளிக்கூடத்தில் நெற்போல் விளையாடியதைத் தவிர எனக்கு விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

ஒன்று, புள்ளடி, இரண்டு

மெஷின் பழக்க ஒரு இளம் பெடியனைக் கொம்பனி அனுப்பியது. கழுத்துப்பட்டியெல்லாம் கட்டி வந்திருந்தார். சொந்த மைதானக்காரர் வெல்வார்கள் என்றால் ஒன்று. வந்த அணி வெல்லும் என்றால் இரண்டு. சமநிலை என்றால் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. எங்களுக்கோ புள்ளடி என்றால் தேர்தல்தான். நல்லது நடக்காது என்று தெரிந்தே போடுகிற அடையாளம் என்பதால் டக்கென்று மனதில் பதிந்துவிட்டது.

பிறகு "ஒட்ஸ்" என்று ஒரு பாடம் எடுத்தார். வெல்லக்கூடிய அணியில் கட்டினால் கொஞ்சம் கிடைக்கும், வெல்ல வழியில்லாத அணியில் கட்டினால் அள்ளித் தருவார்கள். விளங்கினதா என்று கேட்டார். "ஓம், நல்லா விளங்கினது. அப்ப ஏன் எல்லாரும் வெல்ல வழியில்லாத அணியில கட்டேல்லை?" என்று கேட்டேன். பெடியன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். பென்ட்தான் நடுவில் புகுந்தார்: "சுகந்தி, இந்தக் கேள்வியை மட்டும் வாடிக்கையாளரிட்டைக் கேட்டிடாதேங்கோ. அவை யோசிக்கத் தொடங்கினால் நான் கடையைப் பூட்டவேண்டி வந்திடும்."

வாழ்த்து

கூப்பன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் "ஹெல் ஒ லுக்கே" என்று சொல்லவேண்டும் என்பது கொம்பனியின் கட்டளை. அதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்று அர்த்தம். நான் சொல்லிச் சொல்லி வாய் பழகி, பிறகு நிற்பாட்டத் தெரியவில்லை. இருமல் இனிப்பு வாங்கினவருக்கும் ஹெல் ஒ லுக்கே. கழிவறைத் திறப்புக் கேட்டவருக்கும் ஹெல் ஒ லுக்கே. அவர் திரும்பி நின்று ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஒருநாள் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் அனுதாப மட்டை ஒன்று வாங்கினார். மிச்சக் காசைக் கொடுத்து, கண்ணைப் பார்த்து, பல்லைக் காட்டிச் சொல்லியே விட்டேன். சொன்ன பிறகுதான் மட்டையில் இருந்த வெள்ளைப் பூவைக் கண்டேன். நிலம் பிளந்து என்னை விழுங்கட்டும் என்று நின்றேன். அவர் ஆறுதலாக மட்டையைக் கோட்டுக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "செத்தவருக்கு இனி அதிர்ஷ்டம் தேவையில்லை. ஆனா செத்தவீடு முடிய நாங்கள் சகோதரங்கள் இருந்து வீட்டைப் பிரிக்கப் போறம், எனக்குக் கட்டாயம் தேவை. நன்றி."

பரமேஸ்வரி மாமி

டெனிஷில் பந்தயம் நிரப்புகிற துண்டுக்குப் பெயர் "கூபொங்". எங்கள் வாயில் அது கூப்பனாகத்தானே வரும்? பிராண்டேத் தமிழருக்குள் சுகந்தி கூப்பன் கடையில் நிற்கிறாள் என்று கதை போய்விட்டது. ஊரில் அரசாங்கம் மாவும் சீனியும் பங்கிட்டுத் தந்த கூப்பன் கடை வரிசையில் நின்று வளர்ந்த பரமேஸ்வரி மாமி, ஒரு காலமை இரண்டு துணிப்பையோடு வந்து நின்றார். "இஞ்சையும் தொடங்கிட்டாங்களே பிள்ளை? வேலையில்லாதாக்கள் கூடிப்போச்சுது எண்டு நியூஸில சொல்லேக்கையே நினைச்சனான்" என்றார்.

நான் இருத்தி வைத்து விளக்கினேன். இது ரேஷன் இல்லை மாமி, எந்த அணி வெல்லும் என்று சொல்கிற துண்டு. சரியாகச் சொன்னால் காசு, பிழைத்தால் ஒன்றும் இல்லை. மாமி கூப்பனை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பென்ட் மரியாதையாக ஒரு சொக்லேட்டை நீட்டினார். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாமி தீர்ப்பைச் சொன்னார்: "மாவும் இல்லை, சீனியும் இல்லை, வரிசை மட்டும் இருக்கு. எங்கட அரசாங்கமே இதைவிடத் திறம்."

அனுபவசாலி

இங்கர் என்ற டெனிஷ் அம்மா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் வருவார். முன்னர் வாரப் பத்திரிகை மட்டும் வாங்குவார். மெஷினைக் கண்டதும் தானும் விளையாடவேண்டும் என்றார். நான் அணிகளின் ஊர்ப்பெயர்களை வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். "அந்த ஊரில எனக்கொரு பல்வைத்தியன் இருந்தவன். பொய்க்காரன். தோக்கட்டும்." அடுத்தது. "அங்க ஒரு மாலுமி. சோக்கா ஆடுவான். வெல்லட்டும்." அடுத்த மட்ச்சில் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு ஊரிலயும் ஒவ்வொருத்தன் இருந்தவன். ரெண்டும் ஒரே கறுமம். புள்ளடி போடும்."

அந்தக் கிழமை பத்திரிகைகளை விரித்து வைத்து, யாருக்குக் கால் நோ, யாருக்குக் காய்ச்சல் என்று ஆராய்ந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் தோற்றார்கள். இங்கருக்கு எல்லாம் சரி. அடுத்த வெள்ளி அந்த ஆம்பிளைகள் நடைவண்டியைச் சுற்றி நின்று இரகசியம் கேட்டார்கள். இங்கர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்: "அனுபவம், வேறென்ன. ஆனா உங்களைப் பாக்க, நீங்கள் தொடங்கப் பிந்திட்டியள்."

ஐந்து நாள் விளையாட்டு

குணம் அண்ணை என் கணவரோடு காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருடைய தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் சண்டை முடிந்ததிலிருந்து வவுனியா முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் அவர் கடைக்கு வந்து ஒரு டெலிபோன் கார்ட் வாங்குவார், தலையை ஆட்டுவார், போவார். சிரிப்பும் இல்லை, கதையும் இல்லை.

ஒருநாள் நின்று மெஷினைப் பார்த்து, "இதில கிரிக்கெட் இல்லையோ?" என்றார். பென்டுக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்று தெரியாது. விளக்கச் சொல்லிக் கேட்டார். குணம் அண்ணை சும்மா தொடங்கினவர், பிறகு சூடேறி, எங்கள் கடை விளக்குமாற்றைத் துடுப்பாகப் பிடித்து நின்று விளக்கினார். எங்களை ஆண்ட இங்கிலாந்துக்காரன் பழக்கிவிட்டுப் போனது. ஐந்து நாள் ஆடுவார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு நிற்பாட்டு, பின்னேரம் தேத்தண்ணிக்கு ஒரு நிற்பாட்டு. மழை வந்தால் உள்ளே போய்விடுவார்கள். கடைசியில் பலதரம் ஒருவரும் வெல்லாமலே முடிந்துவிடும். பென்ட் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடம் குணம் அண்ணை சிரித்து நான் முதன்முதல் கண்டது அன்றைக்குத்தான். விளக்குமாற்றைக் கீழே போட்டு, ஐஸ்கிறீம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்க வைத்தது பென்டின் கேள்வி: "ஐஞ்சு நாள் விளையாடி, நடுவில தேத்தண்ணியும் குடிச்சு, கடைசியில புள்ளடியோ? இந்த ஆக்களோ உங்கட நாட்டை அவ்வளவு காலம் பிடிச்சு வைச்சிருந்தவை?"

பாஸ்டரின் ஆராய்ச்சி

மெஷின் சங்கதியை எங்கள் சபையில் நான் வாயே திறக்கவில்லை. பேப்பர் விற்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். ஒரு பின்னேரம் பாஸ்டரே கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "சகோதரி, இதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவேணும். செய்ய முதல் விசயத்தை விளங்கவேணும். சொல்லித் தாங்கோ" என்றார்.

சொல்லித் தந்தேன். முதலில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டார். பிறகு, தான் கல்லூரி அணியில் கோல்கீப்பராக நின்ற கதை வந்தது. அதற்குப் பிறகு என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அட்டவணையில் விரலை வைத்து, "இவங்கட பின்வரிசை பலவீனம், அவங்களுக்கு முன்னுக்கு ஆளில்லை" என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார். கூப்பன் நிரப்பவில்லை, ஒரு சதம் கட்டவில்லை. போகும்போது சொன்னார், "பாவம்தான், சந்தேகமே இல்லை. ஆனா அந்தக் கடைசி மட்ச் சமநிலை."

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் பொறுமையைப் பற்றி இருந்தது. பந்தயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆராதனை முடிந்து வாசலில் எல்லாருக்கும் கை கொடுத்து ஆசீர்வதித்தவர், என் முறை வந்ததும் குனிந்து காதுக்குள் கேட்டார்: "புள்ளடி தானே?"

மூன்று! மூன்று!

டிசெம்பர் வந்துவிட்டது. வியாபாரம் பரவாயில்லை, ஆனால் போதாது. கொம்பனிப் பெடியன் போன் எடுத்து, மெஷினை ஏற்றிக்கொண்டு போக எந்த நாள் வசதி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பென்ட் ஒரு பழைய டெலிவிஷனைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். சனிக்கிழமை பின்னேரம் இங்கிலாந்து மட்ச் பார்க்கச் சனம் கூடியது. குணம் அண்ணையும் பென்டின் கரைச்சல் தாங்காமல், வாழ்க்கையில் முதல் கூப்பனை நிரப்பிவிட்டு ஓரமாக நின்றார்.

ஒரு கோல் விழுந்தது. அதே நேரம் அவருடைய போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். பிறகு ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், இனிப்புப் போத்தல்கள் அதிர்ந்தன! துள்ளினார். பென்டைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். முன்பின் தெரியாத ஒரு பன்றிப்பண்ணைக்காரரின் தலையில் முத்தம் வைத்தார். இத்தனை வருடம் கதைத்த டெனிஷ் எல்லாம் அந்த நேரம் பறந்துபோய், வாயில் ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது: "த்ரே! த்ரே!" மூன்று, மூன்று என்று. "மூண்டு மில்லியனோ?" என்று யாரோ கேட்க, என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல் கண்ணீர் வழிய "யா, யா" என்று தலையாட்டினார். கடையே கைதட்டியது. பண்ணைக்காரர் தொப்பியை எறிந்தார்.

நான் கவுண்டரைச் சுற்றி ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்து உலுப்பினேன். கூப்பன் தோற்றுக் காலுக்குக் கீழே கிடந்தது. அவர் அதை மிதித்துக்கொண்டு நின்று சொன்னார்: "தங்கச்சியை விட்டிட்டாங்கள் சுகந்தி! பிள்ளையள் ரெண்டையும் விட்டிட்டாங்கள்! மூண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில நிக்கினமாம், ஆற்றையோ போனில கதைக்கிறாள், கேளும், கேளும்!"

நம்பாத சனம்

திங்கட்கிழமை கடை திறக்க முதலே வாசலில் வரிசை. ஒரு தமிழன் எங்கள் கியோஸ்க்கில் மூன்று மில்லியன் வென்றான் என்ற கதை பிராண்டே முழுக்கப் போய், கிரின்ஸ்டெட்டிலிருந்துகூடக் கார் கட்டி வந்து நின்றார்கள். பென்டும் நானும் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் உண்மையைச் சொன்னோம். ஒருவரும் நம்பவில்லை. குணம் அண்ணையைக் கோயில் திருவிழாவுக்குச் செலவை ஏற்கிற உபயகாரராக வரும்படி இரண்டு தரம் கேட்டார்களாம். கிறிஸ்மஸுக்கு முதல் கிழமை கொம்பனிப் பெடியன் வந்து, மெஷின் இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லி, பென்டின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பென்ட் அவர் போன பிறகு சிகரெட் றாக்கைக்குப் பின்னால் போய் மூக்கைச் சீறிக்கொண்டு வந்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

தலையில் முத்தம் வாங்கிய பண்ணைக்காரரும் வந்தார். இவருக்காவது விளங்கட்டும் என்று சண்டை, முகாம், முள்ளுக்கம்பி, தங்கச்சி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவருக்குக் கண் கலங்கியது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அருமையான கதை. சொந்தக்காரருக்குப் பயந்து அவர் ஒளிக்கிறது எனக்கு விளங்குது. அவர் எந்த இடத்தில நிண்டவர் எண்டு மட்டும் காட்டும், நானும் அதில நிண்டு நிரப்புறன்."

பந்தயக் கடையில் நான் படித்தது இவ்வளவுதான்: தோற்றவன் நாளைக்கும் வருவான், வென்றவன் நாளைமறுநாளும் வருவான், நடுவில் பந்தயமே கட்டாமல் ஒரு தபால் முத்திரை வாங்க வந்து வரிசையில் நின்று காய்கிற மனிதர்தான் உண்மையில் விளையாட்டில் தோற்றவர்.