மாமன் சீரைப் படம் பிடிக்க ஒரு வீடியோ கேமரா

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். சீர் கொண்டு போவதை இந்த முறையாவது ஒழுங்காகப் படம் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே போன சனிக்கிழமை மதுரையிலிருந்து ராஜபாளையம் கிளம்பினேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இதே பெண்ணின் சடங்குக்கு மேளதாளத்தோடு இருபத்தொரு தட்டு கொண்டு போனேன். வீடியோவில் என் முதுகு மட்டும் இரண்டு நொடி வந்தது. அத்தானின் பஞ்சு வியாபாரக் கூட்டாளி மண்டபத்துக்குள் நுழைவதோ ஸ்லோமோஷனில், பின்னணி இசையோடு. ஏழு வருஷம் ஆகிறது. மறக்கும் உத்தேசம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்த என் போனும் காலை வாரியது. சீர் தெருமுனை திரும்பும்போது யாரோ அழைக்க, பதிவு நின்றுவிட்டது. போனே போதுமே என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மலை கூடவே வரும். எனக்கு மலையில் மனம் நிற்கவில்லை. கடைக்காரர் போனில் அனுப்பிய கேமரா படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையம் ஏன்? கல்யாண வீடியோக்காரர்கள் புது வகைக் கேமராக்களுக்கு மாறியபோது பழைய கேம்கார்டர்களை விற்கத் தொடங்கினார்கள். அப்படி ஒருவர்தான் தென்காசி சாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முருகேசன். மேஜையில் மூன்று வைத்திருந்தார். ஒன்று டேப் போடுவது. டேப்புக்கு எங்கே போவது? ஒன்று தோளில் சுமப்பது. என் கழுத்து வலிக்கு ஆகாது. மூன்றாவது உள்ளங்கையில் அடங்கியது. ஃபுல் எச்டி, மெமரி கார்டு, லென்ஸே முப்பது மடங்கு கிட்டே இழுக்கும். வாசலில் நின்று ஜூம் செய்தேன். நாலு கடை தள்ளி டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டரின் மீசையில் நரைமுடி தெரிந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"எதுக்கு சார் இம்புட்டு ஜூம்?"

"என்னைக் கடைசி வரிசையிலதான் உக்கார வைப்பாங்க."

"தாய்மாமனையா? நல்லா இருக்கே கதை! சீர்த் தட்ட ரெண்டு கையாலயும்ல பிடிக்கணும். பொறவு கேமராவ யாரு பிடிப்பா?"

இத்தனை யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. என் மனைவி, சித்தப்பா வீட்டார், எங்கள் பக்கத்தில் எல்லார் கையிலும் தட்டு இருக்கும். ஸ்டாண்ட் ஒன்று வாங்கலாமா என்றேன்.

"ஸ்டாண்ட் கூடவே நடந்து வருமா சார்?"

அவரையே படம் பிடிக்கக் கூப்பிட்டேன். அன்றைக்கு சேத்தூரில் அவருக்கு ஒரு கல்யாண வேலை. பிறகு அவரே வழி சொன்னார்: "சீருக்கு எதிர்ல நிக்கது பொண்ணோட அப்பாதான? மண்டப வாசல்ல வரவேற்க நிப்பாருல்லா. அவிய கையில குடுங்க. அங்கேருந்தே தெருமுனை வரைக்கும் இந்த ஜூம் பிடிக்கும்."

அத்தானிடமா? ஊரில் வேறு ஆளே இல்லையா! ஆனாலும் கேமராவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பதினாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கினேன்.

அங்கிருந்து பஸ்ஸில் பதினொரு கிலோமீட்டர், அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ரத வீதியில் நின்று கோபுரத்தை ஜூமில் கிட்டே இழுத்தேன். மேல் நிலையில் ஒரு கிளி தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது.

மடவார் வளாகத்தில் அக்கா வீடு. அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க மாப்ளே. எங்க வீடியோக்காரர் மேல நம்பிக்கை இல்லையாக்கும்?"

"இல்லை."

"ஆரம்பிச்சுட்டான்," என்றாள் அக்கா. "ஏழு வருசமா இதே பாட்டு."

சிவப்பு பட்டனைக் காட்டிக்கொடுத்து கேமராவை அத்தானிடம் நீட்டினேன். ஒத்திகைக்கு அக்காவிடம் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வந்தேன். எதிர்வீட்டு அம்மா, "என்ன தம்பி, இன்னைக்கேவா சீரு? தட்டுல ஒண்ணையும் காணோமே!" என்றார். தெருவே சிரித்தது.

மூவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். முதலில் கரண்ட் கம்பம், பிறகு ஒரு நாய், பிறகு நான். ஆடி ஆடி, திரை முழுக்க என் முகம். கூடவே அத்தானின் குரல், பக்கத்தில் நின்ற அக்காவிடம் மெதுவாகச் சொன்னது: "வாரான் பாரு. பத்திரிகை குடுத்ததுலேருந்து பயந்துக்கிட்டே இருந்தேன், இவன் வரமாட்டேன்னுருவானோன்னு. இவன் சீரு வராம எம் பிள்ளைக்கு என்ன கல்யாணம்?"

அத்தான் எழுந்துவிட்டார். "படம் ரொம்ப ஆடுது. அழிச்சிருங்க மாப்ளே."

"ஆடட்டும்," என்றேன்.

கேம்கார்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் காட்டும் கிளிப்பை நம்பாமல் உங்கள் கார்டைப் போட்டு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். டிஜிட்டல் ஜூம் கணக்கை நம்பாதீர்கள். லென்ஸ் எவ்வளவு இழுக்கிறது என்று கேளுங்கள். மைக்கையும் சோதியுங்கள். எதிரே இருப்பவரைவிட, கேமரா பிடிப்பவர் முணுமுணுப்பதுதான் அதில் தெளிவாக விழும்.

சடங்கு வீடியோவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கேமராவை அத்தானிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், கை பழகட்டும் என்று. முருகேசனிடம் இன்னொரு பேட்டரிக்கும் சொல்லியாயிற்று. சீர் தெருமுனை திரும்பும்போது பதிவு நின்றுவிடக் கூடாது.