அப்பாவின் கொட்டகையில் எல்லோருக்கும் ஒரே வரிசை

எங்கள் அப்பா அவர்கள் கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் அப்பாவை நிம்மதியாக வாழவிடாத ஒருவரும் இருக்கிறார். அவரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவர் அப்பா. மழை பொய்த்த வருடம் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்க வந்தார். பிறகு டவுனை ஒட்டிய கிராமத்தில் இடம் வாங்கிக் கொட்டகை போட்டு, விவசாயிகளின் மல்லிகையை எடைபோட்டு வாங்கினார். முதலில் வந்தவருக்கு முதல் எடை. ஊர்த் தலைவர் வந்தாலும், கூடப் பிறந்தவர் வந்தாலும் வரிசைதான்.

இலவச மிக்சியை அப்பா வாங்க மறுத்த அன்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். "கவர்மெண்டு ரோடு போடட்டும், களவாணியப் புடிக்கட்டும். எங் கையில இருக்குறதப் புடுங்கி எனக்கே தானம் குடுக்க வேணாம்" என்றார் அப்பா. நாங்கள் பல வருடம் அம்மியில்தான் அரைத்தோம். அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்றும் உண்டு.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, கட்சிக்காரர். ஊருக்கு அரசுப் பூக் கொள்முதல் நிலையம் வந்தது, காண்ட்ராக்ட் சித்தப்பாவுக்கு. அப்பாவின் கொட்டகை இருக்கும்வரை ஒரு பயலும் அங்கே போகமாட்டான் என்று அவருக்குத் தெரியும். அனுமதி வாங்காத கட்டடம் என்று மனு போட்டு, கொட்டகைக்குச் சீல் வைக்க வைத்தார். சொந்த அண்ணனின் பிழைப்புக்கு!

மந்திரியைப் பார்க்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "சிபாரிசுல தொறந்தா சிபாரிசுல மூடுவாங்க. நான் கோர்ட்டுக்குப் போறேன்" என்றார் அப்பா. ஜெயித்தார். ஆனால் அலைந்து அலைந்தே நெஞ்சுவலி வந்து, தீர்ப்பு வந்த வாரமே போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் "அண்ணே, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று புரண்டு அழுதவர் சித்தப்பாதான்.

காரியம் முடிந்ததும் கொட்டகையை நானே திறந்தேன். அதற்குள் அரசு நிலையத்தில் எடைபோட ஆளில்லாமல் பூட்டுத் தொங்கியது. முகூர்த்த நாள் ஒன்றில் சித்தப்பாவும் தன் தோட்டத்து மல்லிகையோடு எங்களிடமே வந்தார், கடைசி ஆளாக.

"ஏத்தா, வெயிலு ஏறுது. சித்தப்பனுக்குச் செத்த முந்திப் போட்டு விடு."

"வரிசைல நில்லுங்க சித்தப்பா."

"மொட்டு விரிஞ்சிரும்த்தா!"

"விரியட்டும்."

முன்னால் நின்றவர்களே, "விட்டுரு பாப்பா, சொந்தந்தானே" என்றார்கள். நான் விடவில்லை. அவர் முறை வந்தபோது பூ விரிந்திருந்தது. விரிந்த பூ மாலைக்கு ஆகாது; செண்ட் பாக்டரிக்குப் போகும் குறைந்த விலைதான் போட்டேன். எடையில் ஒரு குன்றிமணி குறைக்கவில்லை. பழிவாங்கினேன் என்று ஊர் பேசுகிறது. ஆமாம், பழிவாங்கத்தான் செய்தேன். அதற்கு எனக்கு மனுவும் வேண்டியிருக்கவில்லை, அதிகாரியும் வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் சட்டமே போதுமாக இருந்தது.

வழக்கை நடத்திய வக்கீல் ஐயா, அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய எதிர்வீட்டு பாய், கொட்டகை திறக்கும்வரை டவுனுக்கே பூவைச் சுமந்து காத்திருந்த விவசாயிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

சித்தப்பா அவர்களுக்கு நன்றி இல்லை. நினைவு நாள் சாப்பாடு உண்டு, வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

– மகள்