நலம் விசாரிக்க ஆளில்லாத ஊர்

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் மாடிக்கு வந்தபோது, அதற்குள் ஒரு ஊரே செத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த வருஷம் அது. அப்பா காலமாகி வெகுநாளாகியிருந்தது. அம்மா லாஸ்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். காலையில் ஸ்கூட்டரில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் புதிதாகக் குடிவந்திருந்தோம். கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் அந்த வீட்டை இன்னமும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். மகன் பிரான்சில். மனைவி, நாங்கள் வருவதற்குச் சில மாதம் முன்பு புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. கூடத்துச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருந்தது. அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எப்போதும் எரியும்.

ஒருநாள் வாடகை கொடுக்கப் போனபோது வீட்டுக்காரர் கேட்டார். "நீ கம்ப்யூட்டர்தான படிச்சிருக்க? ஒண்ணு சும்மா கெடக்குதும்மா. பையன் லீவுல வந்தப்ப வாங்கிக் குடுத்தான். எனக்கு அத தொறக்கக்கூடத் தெரியாது. மேல எடுத்துட்டுப் போயேன்."

"ஆன்ட்டியோடதா அங்கிள்?"

"அவதான் வச்சிருந்தா. ஒடம்பு சரியில்லாதப்ப பொழுது போவணும்ல." கொஞ்சம் நின்று, "உள்ள இருக்கறத மட்டும் அழிச்சிடாத" என்றார்.

உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. மகனின் கல்யாணப் போட்டோக்கள், சில ஜெபப் பாட்டுகள், பிறகு ஒரு விளையாட்டு. மகன் பிரான்சில் இருந்து அனுப்பிய டிஸ்க், எல்லாமே பிரெஞ்சில். நான் மார்க் வருமே என்று பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தவள். எழுத்துக்கூட்டிப் புரிந்துகொள்ள முடிந்தது. கோட்டைகள், காடுகள், மந்திரவாதிகள் இருக்கும் ஒரு பெரிய தேசம். கதை என்று ஒன்று இருந்தாலும் அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தத் திசையிலும் நடக்கலாம், யார் வீட்டிலும் நுழையலாம், யாரோடும் பேசலாம். அடித்தால் எல்லாரும் சாவார்கள். செத்தவர்கள் திரும்ப வர மாட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புதிதாகத் தொடங்கத் தோன்றாமல், ஆன்ட்டி கடைசியாக விட்ட இடத்தில் இருந்தே திறந்தேன்.

ஒரு பெண் மழையில் நின்றுகொண்டிருந்தாள். மாநிறம், நடுவயது, தோளுக்குக் கீழே இறங்கும் அடர்த்தியான கூந்தல். எதிரே மதில் சூழ்ந்த ஒரு ஊர். கதவு திறந்தே இருந்தது.

உள்ளே போனேன். கடைத்தெருவில் ரொட்டியும் ஆப்பிளும் பரப்பியபடி இருந்தன, விற்பவர் இல்லை. கொல்லன் பட்டறையில் உலை கனன்றுகொண்டிருந்தது, கொல்லன் இல்லை. சத்திரத்தில் மேசைமேல் கிண்ணங்கள், அடுப்பில் தீ. ஒவ்வொரு வீட்டின் கதவையும் தள்ளிப் பார்த்தேன். படுக்கை இருந்தது, செருப்பு இருந்தது. மின்விசிறி சத்தத்துக்கு மேல் அந்த மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் புதுச்சேரியில் கடைகள் சாத்திவிடும் நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் தெருவிலும் ஆள் நடமாட்டம் இல்லை.  கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

மறுநாள் மறுபடியும் போனேன். ஊரின் நடுவில் கோயில் போன்ற ஒரு கல் கட்டடம் இருந்தது. முதல் நாள் அதைத் திறக்கவில்லை. இப்போது திறந்தேன்.

எல்லாரும் அங்கே இருந்தார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே, பீடத்தைப் பார்த்தபடி வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தார்கள். கொல்லன், சத்திரக்காரி, காவல்காரர்கள், பூசாரி. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மெழுகுவத்தி. அந்த விளையாட்டில் பிணத்தை இழுப்பது லேசான வேலை இல்லை. ஒரு விசையை அமுக்கிப் பிடித்தபடி பின்னாலேயே நடக்க வேண்டும். கை கால் எங்காவது கதவில் மாட்டிக்கொள்ளும். நான் ஒருவரைச் சற்றே நகர்த்திப் பார்க்கவே திணறிப்போனேன். நோயாளி ஒருவர் கீழ்வீட்டில் உட்கார்ந்து ஒரு ஊரையே இப்படி இழுத்துவந்து படுக்க வைத்திருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். "பாவம், மாத்திரை வேகத்துல என்னமோ பண்ணியிருக்காங்க. நீ அத நோண்டாத, வேலைக்கு எழுதிப் போடற வழியப் பாரு" என்றார். எனக்கு விட மனம் வரவில்லை. மாடிப்படி இறங்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு பல்பும் படமும் கண்ணில் பட்டன. அந்த முகம் கொலைகாரி முகமாகவும் தெரிந்தது, செபம் சொல்லும் முகமாகவும் தெரிந்தது.

உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தேடி ஊருக்கு வெளியே நடந்தேன். ஆற்றோரம் ஒரு படகுக்காரி நின்றிருந்தாள். கிட்டே போனதும், "ஆறு இன்று அமைதியாக இருக்கிறது" என்றாள். மறுபடி பேசினாலும் அதே வார்த்தை. விளையாட்டைச் செய்தவர்கள் அவளுக்கு அந்த ஒரு வசனம்தான் எழுதினார்கள் போலிருக்கிறது. அவளை மட்டும் ஆன்ட்டி தொடவில்லை.

அதற்கும் அப்பால், காட்டுப் பாதையில் ஒரு வேட்டைக்காரன் எதிரே வந்தான். ஆன்ட்டி அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார். என்னைப் பார்த்ததும் நின்று சொன்னான்: "உங்கள் முகம் வெளிறியிருக்கிறது. வைத்தியரைப் பார்த்தீர்களா?"

எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணின் விவரங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவளுக்கு ஏதோ நோய் ஒட்டியிருந்தது. ஓநாயோ எலியோ கடித்தால் வருவது. பெரிய நோய் இல்லை. மருந்து குடித்தால் போய்விடும். அது இருக்கும்வரை, வழியில் பார்க்கிற ஒவ்வொருவரும் அதைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். அவள் பையைத் திறந்தேன். உள்ளே அந்த மருந்துக் குப்பிகள் நிறைய இருந்தன. அவள் ஒன்றைக்கூடக் குடிக்கவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்காரர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "ஆன்ட்டி எப்ப விளையாடுவாங்க அங்கிள்?" என்றேன்.

"யாராச்சும் பாத்துட்டுப் போனாங்கன்னா ஒக்காந்துடுவா." குழாயை மூடினார். "கோயில்ல இருந்து வருவாங்க, சொந்தக்காரங்க வருவாங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா வந்தவங்க எல்லாம் ஒண்ணயே சொல்லுவாங்க. ஐயோ, எளச்சிட்டியே. அந்த டாக்டரப் பாத்தியா, இந்தக் கஷாயம் குடிச்சியா. அவ சிரிச்சிக்கிட்டே காப்பி போடச் சொல்லுவா. அவங்க அந்தாண்ட போனதும் கம்ப்யூட்டருக்கு முன்னால போயி ஒக்காருவா. கடைசில வாசக்கதவத் தாப்பா போட்டுடச் சொல்லிட்டா."

 அவர் என் முகத்தைப் பார்த்தார். "அதுல என்ன இருக்குது?"

பொய் சொல்லியிருக்கலாம். "மேல வாங்க அங்கிள், காட்டறேன்" என்றேன்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் அந்தப் பெண் தெரிந்ததும், "முடி நெறைய வச்சிருக்கா" என்றார்.  ஊரைக் காட்டினேன். கோயிலைத் திறந்தேன். வரிசையாகக் கிடந்தவர்களை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் நகர்த்திய ஆள் மட்டும் கோணலாகக் கிடந்தான். அவர் கை, சட்டைக்குள் இருந்த சிலுவைக்குப் போய்த் திரும்பியது.

"இவங்கள்ளாம் அவள என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல அங்கிள். ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க."

 "நானும் தெனம் கேப்பேன்" என்றார்.

நான் அவசரமாகப் பையைத் திறந்து மருந்துக் குப்பிகளைக் காட்டினேன். எதற்காகக் காட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "இதக் குடிச்சா சரியாப் போயிடும். குடிக்கவே இல்ல."

"குடுத்துப் பாரு" என்றார்.  "இப்பக் குடு."

அமுக்கினேன். ஒரு சின்னச் சத்தம் வந்தது. விவரப் பக்கத்தில் நோயின் பெயர் இருந்த வரி மறைந்தது. கோயிலும் மெழுகுவத்திகளும் அப்படியே இருந்தன. அந்தப் பெண் முன்போலவே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இவங்க எழுந்திரிப்பாங்களா?"

"இல்ல அங்கிள்."

அவர் தலையாட்டினார். எழுந்து, படியில் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்து வந்து, "அத நான் கீழ எடுத்துக்கறேம்மா, தப்பா நெனச்சிக்காத" என்றார். நானே இறக்கி, இணைத்து, எந்த விசையை அமுக்கினால் அந்தப் பெண் நடப்பாள் என்று காட்டிக்கொடுத்தேன். கதவு திறப்பது, பேசுவது, வாள் எடுப்பது எதையும் அவர் கற்றுக்கொள்ள விரும்பவில்லை. நடந்தால் போதும் என்றார்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் கீழே இருந்து காலடிச் சத்தம் கேட்கும். கல்மேல் செருப்பு படுகிற மாதிரி, ஒரே சீராக. ஒருநாள் அது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கவும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் யாரும் இல்லை. நடக்கும் விசையின்மேல் ஒரு ஜெபப்புத்தகத்தைப் பாரமாக வைத்திருந்தார். திரையில் அந்தப் பெண் ஊர் மதிலில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள். அவர் சமையலறையில் காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், செவத்துல முட்டிக்கிட்டு நிக்குது. திருப்பி விடவா?"

"விடும்மா" என்றார், திரும்பாமலே. "சத்தம் கேட்டுக்கிட்டு இருக்குதுல்ல."

அடுத்த வருஷம் மகன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் வேலை கிடைத்திருந்தது. நாங்கள் உழவர்கரைப் பக்கம் வீடு மாறினோம்.